சம்பளம் 21,000 தாண்டினாலும் இஎஸ்ஐ உண்டு: வடசென்னையில் வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான வழிகாட்டி

இன்கிரிமென்ட் வந்த மாதம்தான் இந்தச் சிக்கல் பெரும்பாலும் கிளம்பும். சம்பளம் 20,500இலிருந்து 22,000 ஆகியிருக்கும். "உங்களுக்கு இனிமே இஎஸ்ஐ கிடையாது, லிமிட் தாண்டிட்டீங்க" என்று அக்கவுன்ட்ஸ் பிரிவில் சொல்லிவிடுவார்கள். மற்ற ஊழியர்களுக்கு, அப்போது நடக்கும் ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அது சரி. மாற்றுத்திறனாளி ஊழியருக்கு அது தவறு. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐயில் இருக்க, பொது ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிக்கு 25,000 ரூபாய். 2017 ஜனவரியில் பொது வரம்பு 21,000 ஆனபோதே இந்த 25,000மும் விதியில் இருந்தது. சட்டம் தெரிந்த மேலாளர்கள்கூட இந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டிருப்பார்கள்.

வேலைக்குப் போனால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு போய்விடும் என்ற பயத்தில் எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் பல வீடுகளில் பிள்ளைகளை வேலைக்கே அனுப்புவதில்லை. அந்தப் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது, பாதி இல்லை. எந்தப் பாதி எது என்பது மூன்று எண்களில் அடங்கும்: குறைபாடு 40 சதவீதம், ஊதியம் மாதம் 25,000, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000.

முதலில், நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள்?

ஐசிஎஃப், கேரேஜ் ஒர்க்ஸ் போன்ற ரயில்வே வேலையில் இருப்பவருக்கு ரயில்வேயின் சொந்த மருத்துவமனை இருக்கிறது. துறைமுக ஊழியருக்கும் மாநில அரசு ஊழியருக்கும் தனித்தனி ஏற்பாடு உண்டு. அவர்கள் மேலே படிக்க வேண்டியதில்லை.

தனியார் தொழிற்சாலை, கிடங்கு, கடை, மருத்துவமனை, பள்ளி, செக்யூரிட்டி ஏஜென்சி என எதுவானாலும், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இஎஸ்ஐ. மணலியிலோ எண்ணூரிலோ ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்தாலும் அது பொருந்தும். ஒப்பந்தக்காரர் பணம் கட்டாவிட்டால் முதன்மை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம்.

தள்ளுவண்டி, வீட்டிலிருந்து தையல், காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை, நாலைந்து பேர் மட்டும் இருக்கிற சின்னக் கடை என்றால் இஎஸ்ஐ கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்.

40 சதவீதத்தைக் காகிதத்தில் வைத்திருங்கள்

எல்லாவற்றுக்கும் அடிப்படை, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடி அட்டை. ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, பழைய மருத்துவக் காகிதங்கள் தேவைப்படும். சொந்தமாகச் செய்ய முடியாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். விண்ணப்பித்த பிறகு அரசு மருத்துவமனையில் மருத்துவர் மதிப்பீடு நடக்கும். கேட்கும் திறன் குறைபாடு என்றால் ஆடியோகிராம் எடுப்பார்கள். அறிவுசார் குறைபாடு என்றால் ஐக்யூ சோதனை இருக்கும். கை கால் குறைபாட்டுக்குப் பழைய எக்ஸ்ரே, அறுவைச் சிகிச்சை டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் எடுத்துப் போனால் ஒரே நாளில் முடிய வாய்ப்பு அதிகம். வெறுங்கையோடு போனால் "அந்த டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று இன்னொரு நாள் சம்பளம் போகும்.

அட்டையின் பட்டை நிறத்தைப் பாருங்கள். வெள்ளை என்றால் 40க்கும் கீழே, மஞ்சள் என்றால் 40 முதல் 80க்குள், நீலம் என்றால் 80ம் அதற்கு மேலும். 25,000 ரூபாய் வரம்பு கேட்பதற்கு மஞ்சளோ நீலமோ வேண்டும். வெள்ளைப் பட்டை இருப்பவர் மாற்றுத்திறனாளி என்பதில் மாற்றமில்லை, ஆனால் இஎஸ்ஐக்கு அவரும் 21,000 கணக்கில்தான் வருவார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கிறது. ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், மனநோய், ஆசிட் தாக்குதல் பாதிப்பு எல்லாம் அதில் உண்டு. "நமக்கெல்லாம் அந்த அட்டை தரமாட்டாங்க" என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருப்பவர்களில் கணிசமானவர்கள் இந்தப் பட்டியலில் இருப்பவர்கள்தான்.

வடசென்னைக்கே உரிய ஒரு தடங்கல் மாவட்டப் பெயர். திருவொற்றியூர், மாதவரம் பகுதிகள் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தன. அதன் பிறகு சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தன. பழைய அடையாளப் புத்தகத்தில் திருவள்ளூர் என்றும், ஆதாரில் சென்னை என்றும் இருந்தால் யூடிஐடி விண்ணப்பம் தவறான மாவட்டத்துக்குப் போய் அங்கேயே தூங்கும். விண்ணப்பிக்கும் முன் ஆதாரில் இப்போதைய முகவரியைத் திருத்திவிடுங்கள். மீஞ்சூர், பொன்னேரிக்காரர்கள் இன்னமும் திருவள்ளூர்தான், அவர்கள் சென்னை என்று போட வேண்டாம்.

தற்காலிகச் சான்றிதழ் வாங்கியவர்கள் அதில் இருக்கும் காலாவதித் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். அது முடிந்தால் 25,000 வரம்பைக் கேட்கக் கையில் ஆதாரம் இருக்காது.

25,000 என்பது எந்தச் சம்பளம்?

கைக்கு வரும் தொகை அல்ல. பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் போவதற்கு முன்னால் இருக்கும் தொகை. ஓவர்டைம் பணம் இந்த வரம்புக் கணக்கில் சேராது. முதலாளி கட்டும் பிஎஃப் பங்கு, ஆண்டு போனஸ் ஆகியவையும் சேராது. மாதம் 23,800 சம்பளம், ஓவர்டைமோடு சேர்த்து 26,500 வருகிறது என்றால் நீங்கள் வரம்புக்குள்தான். இங்கேதான் தவறு அதிகம் நடக்கிறது. சம்பளச் சீட்டின் அடியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்த்துப் பெயரை நீக்கிவிடுவார்கள்.

சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த பிறகு, படிகளாகப் பிரித்துக் கொடுக்கும் தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது ஊதியத்தோடு சேர்ந்துவிடும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மீதியைப் படிகளில் ஒளித்து வைக்கும் நிறுவனத்தில் இருப்பவர்கள் சீட்டை ஒரு முறை மறுபடி கணக்குப் பார்ப்பது நல்லது.

பிடித்தம் எவ்வளவு? உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். 23,400 சம்பளம் என்றால் உங்களிடம் 176 ரூபாய் (175.50ஐ மேலே முழு ரூபாய் ஆக்குவார்கள்), முதலாளியிடம் 761 ரூபாய். நாள் சராசரி ஊதியம் 176 ரூபாய்க்குள் இருப்பவரிடம் ஊழியர் பங்கு பிடிக்கக் கூடாது.

முதலாளிகள் முணுமுணுப்பது அந்த 761க்காகத்தான். மாற்றுத்திறனாளி ஊழியருக்கு முதலாளியின் பங்கை மத்திய அரசே ஏற்கும் ஏற்பாடு 2008 ஏப்ரலில் தொடங்கியது. முதலில் 3 ஆண்டு, பின்னர் 10 ஆண்டு என்று நீட்டித்தார்கள். இதை மேலாளரிடம் எடுத்துச் சொன்னால் முகம் மாறும். பேச்சு சுமுகமாகப் போக இதைவிட நல்ல வாதம் இல்லை.

சம்பளம் நடுவில் 25,000 தாண்டினால்? உடனே நின்றுவிடாது. பங்களிப்புக் காலம் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒன்று, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொன்று. ஏப்ரலில் 24,600 வாங்கியவர் ஜூலையில் 25,800 ஆனாலும் செப்டம்பர் 30 வரை காப்பீட்டில் இருப்பார். அந்த மூன்று மாதமும் 25,800க்குத்தான் பிடித்தம் போகும். அந்தக் காலத்துக்கு இணையான பயன்பெறும் காலம் அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. அறுவைச் சிகிச்சை ஒன்று பாக்கி இருக்கிறது என்றால், சம்பள உயர்வு எந்த மாதத்தில் அமலாகிறது என்பதைப் பார்த்துத் தேதியை வாங்குங்கள்.

மேலாளரிடம் பேசுவது

வாய்மொழியாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள். ஒரு பக்கக் கடிதம் போதும், நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்:

"ஐயா, நான் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் கொண்ட ஊழியர். என் யூடிஐடி அட்டையின் நகலை இணைத்திருக்கிறேன். மாற்றுத்திறனாளி ஊழியருக்கு இஎஸ்ஐ ஊதிய வரம்பு மாதம் 25,000 ரூபாய். என் ஊதியம் அதற்குள் இருப்பதால், இஎஸ்ஐ தளத்தில் என் காப்பீட்டு எண்ணில் மாற்றுத்திறன் விவரத்தைப் பதிவு செய்து, பிடித்தத்தைத் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். முதலாளியின் இஎஸ்ஐ கணக்கில் ஊழியர் விவரத்தில் மாற்றுத்திறன் பற்றிய இடம் ஒன்று உண்டு. சேரும்போது அதை 'இல்லை' என்று விட்டிருந்தால், 21,000 தாண்டியவராகவே தளம் உங்களைக் காட்டும். சண்டை போட வேண்டியதில்லை, அந்த விவரத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்டாலே பெரும்பாலும் தீரும்.

ஒப்பந்த வேலைக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆண்டுதோறும் ஒப்பந்தக்காரர் மாறும்போது, பழைய எண்ணைக் கேட்காமலே புது இஎஸ்ஐ எண் போட்டுவிடுகிறார்கள். உங்கள் 10 இலக்கக் காப்பீட்டு எண் வேலை மாறினாலும் மாறாது, மாறக் கூடாது. இரண்டு எண் ஆகிவிட்டால் கட்டிய நாட்கள் இரண்டாகப் பிரிந்து, கீழே சொல்லும் 78 நாள் கணக்கில் எதுவும் நிறையாமல் போகும். எண்ணை யூடிஐடி அட்டையின் பின்னால் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு

மருத்துவச் சிகிச்சை வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு, உங்களுக்கும் குடும்பத்துக்கும். ஏற்கெனவே இருக்கும் குறைபாடு என்று சொல்லி ஒதுக்க முடியாது. இஎஸ்ஐ அடையாள அட்டையான இ-பெஹ்சான் அட்டையை அச்செடுத்து, குடும்பப் புகைப்படம் ஒட்டி, முதலாளியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். எல்லோருடைய ஆதாரையும் இணையுங்கள்.

இஎஸ்ஐ மருந்தகத்தை (முதலில் மருத்துவரைப் பார்க்கும் இடம்) தேர்ந்தெடுக்கும்போது, கம்பெனிக்குப் பக்கத்தில் இருப்பதைப் போடுவதுதான் வழக்கம். வீட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். உடம்பு சரியில்லாத நாளில் நீங்கள் வீட்டில்தான் இருப்பீர்கள். சக்கர நாற்காலியோடு எண்ணூரிலிருந்து வேறு பக்கம் போய் மருந்து வாங்குவது என்ன பாடு என்பது பயணிப்பவருக்குத்தான் தெரியும். மருந்தகம் அனுப்பினால் உள்நோயாளி சிகிச்சைக்கு வடசென்னைக்காரர்களுக்குப் பக்கம் அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனை. பெரிய சிகிச்சைகளுக்கு கே.கே. நகரில் இருக்கும் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அவசரம் தவிர, பரிந்துரைச் சீட்டில்லாமல் தனியார் மருத்துவமனைக்குப் போய் பில்லைக் கொண்டு வந்தால் பணம் திரும்ப வருவது கடினம். செயற்கை உறுப்பு, காது கேட்கும் கருவி போன்றவையும் இதில் கிடைக்கும், மருந்தக மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும்.

பணப் பயன் வேறு கணக்கு. நோய்க்கால உதவிக்கு, பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். சராசரி நாள் ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. முதல் 2 நாள் காத்திருப்பு, அதற்குப் பணம் கிடையாது. சராசரி 780 ரூபாய் என்றால் நாளுக்கு 546 ரூபாய். 20 நாள் படுத்தால் 18 நாளுக்கு 9,828 ரூபாய். மருத்துவச் சான்றிதழை இஎஸ்ஐ மருத்துவரிடம் வாங்கியிருக்க வேண்டும், தெரு முனை கிளினிக்கின் கடிதம் செல்லாது. அடிக்கடி சம்பளமில்லா விடுப்பு எடுப்பவர்களுக்கு இந்த 78தான் தடுக்கும் எண். ஆறு மாதத்தில் ஏறக்குறைய 183 நாள் இருக்கிறது, அதில் 78ஐக் காப்பாற்றுங்கள்.

வேலையில் விபத்து நடந்து ஊனமாகி வேலையை விட்டவர்களுக்கு ஒன்று. மாதம் 10 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைவருக்கும் மருத்துவம் தொடரும், அவர் ஓய்வு பெற்றிருக்க வேண்டிய வயது வரை. இதை யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். வேலையை விட்ட கையோடு கிளை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

குடும்பம் என்பதில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை. உடலோ மனமோ இயலாமல், உங்கள் சம்பாத்தியத்தையே முழுக்க நம்பியிருக்கும் வரை அவர் உங்கள் அட்டையில் இருக்கலாம். பெற்றோர் என்றால் அவர்களின் மாத வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

ஆண்டுக்கு 1,20,000 கணக்கு

இப்போது அந்தப் பயத்தின் நியாயமான பாதி. முதலமைச்சரின் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. நிபந்தனை, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். மாதத்துக்கு 10,000. இது ஒருவரின் வருமானம் அல்ல, குடும்ப அட்டையில் இருக்கும் எல்லோருடையதும் சேர்த்து. அப்பா 8,000 சம்பாதிக்கும் வீட்டில் மாற்றுத்திறனாளி மகள் 9,000க்கு வேலைக்குச் சேர்ந்தால் வீடே வரம்பைத் தாண்டும். இந்தத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்கென்று உயர்ந்த வருமான வரம்பும் கிடையாது.

அதனால் முதல் வேலை தேடுபவர்களுக்கு எங்கள் ஆலோசனை இதுதான்: 500 ரூபாய் அதிகம் கிடைக்கிறது என்று ஐந்து பேர் இருக்கும் கடைக்குப் போகாதீர்கள், இஎஸ்ஐ பிடிக்கிற இடத்துக்குப் போங்கள். அந்த மகள் இஎஸ்ஐ உள்ள வேலையில் சேர்ந்தால், 9,000 தாண்டாத வருமானம் உள்ள அம்மா அப்பாவையே தன் அட்டையில் சேர்க்கலாம். குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு போனாலும் இன்னொன்று வரும்.

தகுதி இருப்பவர்கள் செய்ய வேண்டியது: வருவாய்த் துறையிடம் வருமானச் சான்று வாங்குங்கள், ஸ்மார்ட் குடும்ப அட்டை, குடும்பத்தினர் எல்லோருடைய ஆதார் இவற்றோடு ராஜாஜி சாலை சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீடு வராது. திருமணமாகி வந்த மருமகள், பிறந்த குழந்தை ஆகியோரின் பெயரை முதலில் அங்கே சேர்த்துவிட்டு வாருங்கள். பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் ஆதாரில் ஒரு மாதிரியும் குடும்ப அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்தால் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள்தான் அது தெரியவரும். அன்றைக்கு ஸ்டான்லி மருத்துவமனை கவுண்டரில் நின்று திருத்த முடியாது.

இந்தக் காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு இதை எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது, வருமானச் சான்று எதுவும் கேட்கமாட்டார்கள். தனியார் மருத்துவமனை என்றால் அது திட்டத்தில் இருக்கிறதா என்பதோடு, உங்களுக்குத் தேவையான பிரிவுக்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்றும் கேளுங்கள். கண்ணுக்கு அனுமதி பெற்ற இடத்தில் எலும்பு அறுவைச் சிகிச்சை செய்ய முடியாது. முன்பணம் கேட்டால் கட்டாமல் 1800 425 3993க்கு அழையுங்கள்.

சாலை விபத்து மட்டும் தனி. இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வருமான வரம்பும் கிடையாது, அட்டையும் தேவையில்லை.

நிராமயா

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும், மத்திய அரசின் அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா காப்பீடு இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வேலையில் இருப்பதோ குடும்ப வருமானமோ தகுதியைப் பறிக்காது, கட்டணம் மட்டும் மாறும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் சேர 250 ரூபாய், மேலே இருந்தால் 500. பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தெரபிக்கும் பணம் தருவதுதான் இதன் பெரிய பலன். முதலில் நீங்கள் செலவழித்து, பில் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். ஆகவே தெரபிஸ்டிடம் ஒவ்வொரு முறையும் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள், வெறும் நோட்டில் டிக் அடித்தது எடுபடாது. காப்பீட்டு ஆண்டு மார்ச் 31இல் முடியும்.

பெயரை நீக்கியே விட்டார்களென்றால்

முதலில் மத்திய அரசின் உமங் செயலியில் உங்கள் இஎஸ்ஐ எண்ணைப் போட்டு, எந்த மாதம் வரை பங்களிப்பு வந்திருக்கிறது என்று பாருங்கள். சீட்டில் பிடித்தம் இருந்து தளத்தில் வரவு இல்லையென்றால் அது வேறு குற்றம், அதைத் தனியாக எழுதுங்கள். பிறகு 1800 11 2526க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். அதோடு உங்கள் கிளை அலுவலகத்துக்கும், பதில் வராவிட்டால் நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில் இருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். இணைக்க வேண்டியவை நான்கு: யூடிஐடி நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மேலாளரிடம் கொடுத்த கடிதத்தின் கையெழுத்திட்ட நகல், பங்களிப்பு வரலாற்றின் அச்சுப்படி. மூன்றாவது இல்லாமல் போகிறவர்களிடம், "கம்பெனிக்குத் தெரியுமா, சொன்னீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.